ஏற்காட்டுக்கு முன்னே ஓர் ஊர் இருக்கிறது

சனிக்கிழமை காலையில் அடிவாரத்துச் சோதனைச் சாவடி முன்னால் வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன. கர்நாடகப் பதிவெண்கள், சென்னைப் பதிவெண்கள், கூரையில் பெட்டிகளைக் கட்டிய வேன்கள். எல்லோருக்கும் ஒரே அவசரம்: இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, வெயில் உறைப்பதற்குள் ஏற்காடு ஏரிக்கரையைப் பிடித்துவிட வேண்டும். பின்னால் விட்டுவந்த சேலம் அவர்களுக்குப் பெட்ரோல் போட்ட ஊர், இட்லி சாப்பிட்ட ஊர். அவ்வளவுதான்.

மலையைப் பார்க்க வருகிறவர்கள் அடிவாரத்து நகரத்தைப் பார்க்காமல் போவது பெரிய இழப்பு என்பேன். சேர்வராயன் மலையிலிருந்து வழிந்த தண்ணீரும், மலையைச் சுற்றிலும் மண்ணுக்குள் கிடந்த கல்லும் இரும்பும் சேர்ந்து உருவாக்கிய தொழில் நகரம் இது. இங்கே எஃகு வார்த்திருக்கிறார்கள், பட்டு நெய்திருக்கிறார்கள், வெள்ளைக்கல் வெட்டியிருக்கிறார்கள், நூறு படத்துக்கு மேல் சினிமா எடுத்திருக்கிறார்கள். அவற்றில் சில நின்றுபோயின. சில இன்றும் வீட்டுத் திண்ணைகளில் நடக்கின்றன. நடுவே ஓர் ஆறு ஓடுகிறது. சேலம் ஓர் ஆற்றங்கரை நகரம் என்று சொன்னால் உள்ளூர் இளைஞர்களே யோசிக்கிறார்கள் என்பதுதான் இதில் வருத்தமான சேதி.

திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையின் மஞ்சவாடிப் பக்கத்தில் பிறக்கிறது. சேலத்துக்குள் நுழைந்து, ஊரை ஊடறுத்து, நாமக்கல் மாவட்டம் வழியாகப் போய்க் காவிரியில் சேர்கிறது. பழைய சேலத்தின் முக்கியமான இடங்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தால், அவை ஆற்றோரமாகவே வரிசையாக விழும். அருணகிரிநாதர் பாடிய சுகவனேசுவரர் கோயில், ஆடி மாதம் ஊரையே இழுத்துக்கொள்ளும் கோட்டை மாரியம்மன், திப்பு சுல்தான் தொழுததாக ஊரார் சொல்லும் ஜாமியா மசூதி, பூ மார்க்கெட், பழைய பஸ் நிலையத்தருகே ஆனந்தா பாலம். கோட்டையும் சந்தையும் சாமியும் ஆற்றை நம்பித்தான் அங்கே வந்து உட்கார்ந்தன.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. முதல் கலெக்டராக வந்தவர் அலெக்சாண்டர் ரீட். அவருக்கு உதவியாக இருந்த இளைஞர் தாமஸ் மன்றோ, பின்னாளில் சென்னை மாகாண கவர்னரான அதே மன்றோ. அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட ரயத்துவாரி நிலவரி முறைக்கான பாடங்களை நிலத்தை அளந்து அளந்து கற்றுக்கொண்டது இந்த வட்டாரத்தில்தான். கம்பெனிக்காரர்களின் கண் முதலில் வரி மேல் இருந்தது. பிறகு மண்ணுக்குள் போயிற்று.

ஆவாரங்குச்சியும் எருக்க இலையும்

நகரத்துக்குத் தென்மேற்கே கஞ்சமலை. சித்தர் கோயிலுக்கு அமாவாசைக் கூட்டம் வரும் மலை அது. அதன் பாறையில் இரும்புத் தாது வரி வரியாக ஓடுகிறது. சேலம் வட்டாரத்துக் கொல்லர்கள் அந்தத் தாதை உருக்கி இரும்பாக்கி, அந்த இரும்பிலிருந்து எஃகு செய்தார்கள். செய்முறையை நேரில் பார்த்து எழுதியவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கம்பெனி அதிகாரி. சிறு சிறு துண்டுகளாக வெட்டிய இரும்பை ஒரு மண் குகையில் (உருக்கும் கிண்ணத்தில்) போடுவார்கள். அதோடு காய்ந்த ஆவாரங்குச்சிகளைச் சேர்ப்பார்கள். மேலே எருக்க இலையோ அதுபோன்ற வேறு இலையோ வைத்து மூடி, களிமண்ணால் வாயை அடைப்பார்கள். இப்படிப் பல குகைகளை அடுக்கி உலையில் வைத்து, துருத்தியால் இரண்டரை மணி நேரம் போல ஊதினால் போதும். குகையை உடைத்தால் உள்ளே எஃகுக் கட்டி.

இலையிலும் குச்சியிலும் இருக்கும் கரி இரும்புக்குள் ஏறுவதுதான் அதன் சூட்சுமம். ஐரோப்பாவில் ‘வூட்ஸ்’ என்று பெயர் பெற்ற தென்னிந்திய எஃகு இதுதான். மின்சாரத்தில் பெரும் கண்டுபிடிப்புகளைச் செய்வதற்கு முன்னால் மைக்கேல் ஃபாரடே மண்டையை உடைத்துக்கொண்ட விஷயங்களில் இந்த எஃகும் ஒன்று. நம் வேலியோரத்தில் தானாக முளைக்கும் ஆவாரையும் எருக்கும் லண்டன் ஆய்வுக்கூடத்துக்குப் புதிராக இருந்த காலம் அது.

ஹீத் பார்த்ததோடு நிற்கவில்லை. கம்பெனி வேலையை விட்டுவிட்டு, 1830இல் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பு ஆலை ஒன்றைத் தொடங்கினார். தாது சேலத்திலிருந்து போயிற்று. பிறகு காவிரிக்கரையில், எடப்பாடிக்கு அருகே பூலாம்பட்டியிலும் உலை எழுந்தது. ஆனால் நிலக்கரி இல்லாத சீமையில் இரும்பு உருக்க மரக்கரி வேண்டும். கரிக்காகக் காடுகள் விழுந்தன. காடு தூரம் போகப் போகக் கரியின் விலை ஏறியது. ஆலைக்குக் கடன்மேல் கடன். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்தக் கனவு அணைந்துபோயிற்று. வெட்டிய காட்டுக்கு யாரும் கணக்குச் சொல்லவில்லை.

ஹீத் இங்கிலாந்து திரும்பி, 1839இல் மாங்கனீஸ் சேர்த்து எஃகு வார்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு நகரத்து ஆலைகள் அந்த முறையில் செழித்தன. அவருக்குரிய பணம் வந்து சேரவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே வறுமையில் இறந்தார். ஷெஃபீல்டின் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஊருக்கு மறுபடி போக வேண்டியிருக்கிறது.

கஞ்சமலை இரும்பு தமிழர்களின் ஆசையாக நூறு ஆண்டுக்கு மேல் கனன்றது. 1967இல் அண்ணா முதல்வரான பிறகு, சேலத்துக்கு உருக்காலை வேண்டும், தூத்துக்குடிக்குத் துறைமுகத் திட்டம் வேண்டும் என்று ‘எழுச்சி நாள்’ நடத்தப்பட்டது. 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1981இல் உற்பத்தி தொடங்கியது. ஆனால் வந்தது கஞ்சமலைத் தாதை உருக்கும் ஆலை இல்லை. வெளியிலிருந்து வந்த தகட்டை மெலிதாக உருட்டித் தரும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆலை. எஃகு உருக்கும் பிரிவு 2010 வாக்கில்தான் சேர்ந்தது. நடுவில் இதைத் தனியாருக்கு விற்கும் முயற்சி நடந்து, தொழிலாளர் எதிர்ப்புக்கிடையே பின்னர் கைவிடப்பட்டது. கஞ்சமலை, சித்தர்களோடும் தாதோடும் அப்படியே நிற்கிறது. மலையை வெட்ட வேண்டும் என்று யோசனை வரும்போதெல்லாம் சுற்றுப்பட்டு ஊர்கள் எதிர்த்து நிற்பதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். பூலாம்பட்டி உலைக்கு இரையான காடே போதும்.

வெள்ளை மண்

ரயிலில் ஓமலூர்ப் பக்கமிருந்து சேலத்துக்குள் வருகிறவர்கள் ‘மேக்னசைட் ஜங்ஷன்’ என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள். ஒரு கனிமத்தின் பெயரில் ரயில் நிலையம்! அதைச் சுற்றியிருக்கும் மேடுகளைத்தான் வெள்ளைக்காரர்கள் சுண்ணாம்புக் குன்றுகள் என்றார்கள். பார்வைக்குச் சுண்ணாம்பு, உண்மையில் மேக்னசைட். சேலத்துக்காரர்களுக்கு வெறும் வெள்ளைக்கல். கருத்த பாறைக்குள் வெள்ளை நரம்புகள் வலை பின்னினாற்போல் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். அந்த நரம்பைத் தனியே பிரித்தெடுப்பதுதான் வேலை. ஆணும் பெண்ணும் வெயிலில் குந்தி உட்கார்ந்து, சுத்தியலால் தட்டித் தட்டிக் கருப்பை நீக்கி வெள்ளையைக் குவிப்பார்கள். அதைச் சூளையில் சுட்டால் எந்தச் சூட்டையும் தாங்கும் பொருளாகிறது. எஃகு உலைகளின் உட்சுவருக்கு அடுக்கும் செங்கல் அதில்தான் செய்யப்படுகிறது. இந்தியாவின் பெரிய உருக்காலைகள் பல காலம் சேலத்து வெள்ளைக்கல்லை உள்ளே பூசிக்கொண்டுதான் கொதித்தன.

பர்ன் ஸ்டாண்டர்டு, டால்மியா, தமிழக அரசின் டான்மாக் என்று மூன்று பெயர்கள் ஒரு தலைமுறைக்கே சோறு போட்டன. பிற்பாடு சுற்றுச்சூழல் அனுமதிச் சிக்கல்கள், இறக்குமதிச் சரக்கின் போட்டி. பர்ன் ஸ்டாண்டர்டின் சேலம் பிரிவு 2011இல் செயில் நிறுவனத்தின் கைக்கு மாறியது. வேலை நின்ற குழிகளில் மழைநீர் தேங்கி நிற்கிறது. அந்த நீரின் நிறத்தைப் பார்த்துப் படம் எடுக்க இளைஞர்கள் போகிறார்கள், சில சமயம் இறங்கி உயிரை விடுகிறார்கள். வேலி போட்டு, பார்ப்பதற்குப் பாதுகாப்பான ஒரு மேடை கட்டி, இது என்ன கல், எப்படி எடுத்தோம், எங்கே போயிற்று என்று எழுதி வைப்பதற்குப் பெரிய செலவு ஆகாது.

மலையுச்சியும் தப்பவில்லை. சேர்வராயன் கோயில் இருக்கும் சமவெளிப் பக்கத்தில் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஆலையின் உருக்கும் பிரிவும் இப்போது இல்லை. காபி மட்டும் தங்கிவிட்டது. 1820களில் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் மேலே கொண்டுவந்து நட்ட செடி அது. கிரேஞ்ச் எஸ்டேட்டில் தொடங்கி, சில்வர் ஓக் நிழலில் மிளகுக் கொடியோடு இன்றும் தழைத்திருக்கிறது.

முதலாளியின் கோட்டை

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு போகும் சாலையில் ஒரு வளைவு தனியாக நிற்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் முகப்பு. 2023இல் முதல்வர் மு.க. ஸ்டாலின் அதன் முன் நின்று செல்ஃபி எடுத்தபோது பலருக்கு அது மறுபடி ஞாபகம் வந்தது. உள்ளே ஸ்டூடியோ கிடையாது. வீடுகள் வந்துவிட்டன.

டி.ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டில் நெசவுத் தொழிலோடு தொடர்புடைய குடும்பத்தில் பிறந்தவர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்குப் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தார். திரும்பி வந்தவர் மில் கட்டியிருக்கலாம், சினிமா எடுத்தார். 1930களின் நடுவில், தமிழ்ப் படங்களுக்குக் கல்கத்தாவையும் பம்பாயையும் நம்பியிருந்த காலத்தில், சென்னையில்கூட இல்லாமல் சேர்வராயன் மலை அடிவாரத்தில் ஸ்டூடியோ எழுப்பியது சாமானியத் துணிச்சல் இல்லை. படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, லேபரட்டரி, தையல், தச்சு எல்லாம் ஒரே வளாகத்துக்குள். நடிகர்களுக்கு மாதச் சம்பளம். கதாநாயகனே ஆனாலும் மணி அடித்தால் தளத்தில் இருக்க வேண்டும். எல்லோரும் அவரை ‘முதலாளி’ என்றே அழைத்தார்கள். சினிமாவை ஒரு மில்லைப்போல ஒழுங்காக நடத்தலாம் என்று தென்னிந்தியாவுக்குக் காட்டியவர் அவர்.

முதல் படம் ‘சதி அகல்யா’, 1937. அடுத்த ஆண்டே ‘பாலன்’. மலையாளத்தின் முதல் பேசும் படம் கேரளத்தில் பிறக்கவில்லை, சேலத்தில் பிறந்தது. 1940இல் பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் போட்ட ‘உத்தம புத்திரன்’. 1952இல் ஹாலிவுட்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து ‘தி ஜங்கிள்’ என்ற ஆங்கிலப் படம். 1956இல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். 1961இல் மலையாளத்தின் முதல் வண்ணப் படமான ‘கண்டம் பெச்ச கோட்டு’ம் இவர்களுடையதே. ஒரு மாவட்டத் தலைநகரத்தில் இருந்துகொண்டு இரண்டு மொழிகளுக்கு வண்ணம் பூசியிருக்கிறார்கள்.

எனக்கு இந்தப் பட்டியலில் முக்கியமானது 1950இல் வந்த ‘மந்திரி குமாரி’. எல்லிஸ் ஆர். டங்கனும் சுந்தரமும் இயக்கியது. வசனம் மு. கருணாநிதி. இசை ஜி. ராமநாதன். எம்.ஜி.ஆர். கதாநாயகன் என்றாலும் படத்தைத் தூக்கிச் செல்வது மாதுரி தேவியின் அமுதவல்லி. திருடனான கணவன் அவளைத் தள்ளிவிடும் எண்ணத்தோடு மலையுச்சிக்குக் கூட்டிப் போகிறான். திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடும் அந்தப் பாட்டில் காற்று, குளிர், மேகம் எல்லாம் இருக்கும், அடியில் கொலையும் இருக்கும். விஷயம் தெரிந்ததும் அவள், ‘கடைசியாக உங்களைச் சுற்றி வந்து கும்பிட்டுக்கொள்கிறேன்’ என்று கேட்டு, சுற்றி வந்து, அவனைத் தள்ளிவிடுகிறாள். ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியின் கதை அது. நூல் முழுதாகக் கிடைக்கவில்லை, கதை கிடைத்தது. அந்தக் காட்சியை ஏற்காட்டு மலையில் எடுத்ததாகச் சேலத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். தொலைந்துபோன ஒரு காப்பியத்துக்கு இந்த மலை உடம்பு கொடுத்திருக்கிறது.

அதே 1950ஆம் ஆண்டு, பிப்ரவரி 11 அன்று, சேலம் மத்திய சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்ட் கைதிகள் 22 பேர் உயிரிழந்தார்கள். சிறையும் அஸ்தம்பட்டியில்தான். ஸ்டூடியோவைத் தேடி வருகிறவர்களுக்கு அந்தப் பெரிய மதில் யாருடைய நினைவைத் தாங்கி நிற்கிறது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். தியாகமும் அரசியலும் சேலத்துக்குப் புதிதில்லை. நாட்டிலேயே முன்னோடியாக மதுவிலக்கை 1937இல் ராஜாஜி கொண்டுவந்தது இந்த மாவட்டத்தில். நீதிக்கட்சி திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது 1944 சேலம் மாநாட்டில்.

சுந்தரம் 1963இல் மறைந்தார். மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்று, ஜெய்சங்கரை வைத்து ‘வல்லவன் ஒருவன்’, ‘சி.ஐ.டி. சங்கர்’ போன்ற துப்பறியும் படங்களால் இன்னொரு சுற்று வந்தார். பிறகு சினிமா முழுவதும் கோடம்பாக்கத்துக்குப் போய்விட்டது. 1980களின் தொடக்கத்தோடு அடிவாரத்து மணி ஓய்ந்தது.

தறியும் கொலுசும்

ஓய்ந்தவற்றை மட்டும் பார்த்தால் சேலத்தைத் தப்பாகப் புரிந்துகொள்வோம். அம்மாபேட்டை, பொன்னம்மாப்பேட்டை, குகை வீதிகளில் நடந்து பாருங்கள். சௌராஷ்டிரர், தேவாங்கர், செங்குந்தர் என்று நெசவுக் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கும் தெருக்கள். சேலம் வெண்பட்டு வேட்டிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. கைத்தறியின் இடத்தைப் பெரும்பாலும் விசைத்தறி பிடித்துக்கொண்டாலும், பட்டு வேட்டி என்றால் இன்றும் கல்யாண வீட்டார் சேலத்துக்குத்தான் வருகிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போனால் வெள்ளிக் கொலுசு. ஒரே கூரையின் கீழ் கொலுசு உருவாவதில்லை. ஒரு வீட்டில் வெள்ளியை உருக்கிக் கம்பி இழுப்பார்கள். அது இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சங்கிலியாகும். மூன்றாவது வீட்டில் பொடி தூவிப் பற்றவைப்பார்கள். நெருப்பு ஒரு நொடி கூடினால் வளையம் உருகி ஒட்டிவிடும், குறைந்தால் பிடிக்காது. கண்ணுக்கும் கைக்கும் நடுவிலான அந்த ஒரு நொடிதான் தொழில். பிறகு முத்து கோப்பது, மெருகேற்றுவது எல்லாம் வேறு வேறு கைகள். நாம் ஒரு கடையில் ஒரு ஜோடி கொலுசை வாங்கும்போது ஒரு தெருவின் உழைப்பை வாங்குகிறோம். இந்தப் பட்டறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்ட இன்றுவரை முறையான ஏற்பாடு ஒன்றும் கிடையாது. ஜெய்ப்பூரும் மைசூரும் தங்கள் கைவினைஞர்களை எவ்வளவு பெருமையாக முன்னே நிறுத்துகின்றன!

நடந்த களைப்புக்குத் தட்டுவடை செட். இரண்டு சின்னத் தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், காரச் சட்னி, புதினாச் சட்னி. சாயங்காலத் தள்ளுவண்டியில் நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். மே, ஜூன் என்றால் மாம்பழ மண்டிகளில் மல்கோவாவின் மணம் தெருவை நிறைக்கும்.

நெசவு ஊருக்குச் சாயப்பட்டறை தவிர்க்க முடியாதது. சாயக்கழிவு எங்கே போயிற்று என்பதற்கு ஆறே சாட்சி. வீட்டுக் கழிவும் சேர்ந்துகொண்டது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018இல் நாட்டின் மாசடைந்த ஆற்றுப் பகுதிகளைத் தரம் பிரித்தபோது, மிக மோசமான முதல் பிரிவில் தமிழகத்தின் நான்கு ஆறுகள் இருந்தன: காவிரி, சரபங்கா, திருமணிமுத்தாறு, வசிஷ்ட நதி. இதில் சரபங்காவும் திருமணிமுத்தாறும் சேர்வராயன் மலையில் பிறப்பவை. வசிஷ்ட நதி ஆத்தூர் வழியாகப் போவது. காவிரியை விட்டால் மற்ற மூன்றும் சேலம் சீமையின் ஆறுகள். மலையில் குடிக்கலாம்போல் இருக்கும் தண்ணீர் முப்பது கிலோமீட்டருக்குள் நாட்டின் மோசமான நீர்ப் பட்டியலுக்குப் போய்விடுகிறது. கோட்டை மாரியம்மனின் ஆறு இருந்தும், ஆடிப்பெருக்குக்கு நீராட ஊர் மக்கள் மேட்டூருக்குப் பஸ் ஏறுகிறார்கள்.

இதைச் சரிசெய்ய முடியாது என்கிறவர்களைக் கன்னங்குறிச்சிக்குப் போகச் சொல்வேன். ஏற்காட்டு மலைநீர் வந்து தேங்கும் மூக்கனேரி ஒரு காலத்தில் குப்பையும் முட்செடியுமாகக் கிடந்தது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் சேலத்து மக்களே குழுவாகச் சேர்ந்து தூர்வாரி, எடுத்த மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து, அவற்றில் மரம் வைத்தார்கள். இன்று அந்தத் திட்டுகளில் பறவைகள் அடைகின்றன. அடிவாரத்துக்குப் போகிற வழியில் அரை மணி நேரம் ஒதுக்கினால் பார்த்துவிடலாம். குழந்தைகள் இருந்தால் பக்கத்தில் குரும்பப்பட்டி வன உயிரியல் பூங்கா.

ஷெஃபீல்டுக்கு வருவோம். ஹீத்தின் முறையில் செழித்த அந்த எஃகு நகரத்தில் டான் என்ற ஆறு ஓடுகிறது. ஆலைக்கழிவால் மீன் இல்லாத ஆறாக அது ஒரு காலத்தில் செத்துக் கிடந்தது. ஆலைகள் சுருங்கின, கழிவுநீர் சுத்திகரிப்பு வந்தது, தடுப்பணைகளில் மீன் ஏறிச்செல்ல வழி அமைத்தார்கள். சமீப ஆண்டுகளில் சால்மன் மீன்கள் ஷெஃபீல்டு வரை திரும்பி வந்திருக்கின்றன. 1982இல் ஆற்றோரமாகக் கெல்ஹாம் தீவில் ஒரு தொழில் அருங்காட்சியகம் திறந்தார்கள். பழைய ராட்சத நீராவி எஞ்சின் ஒன்றை அங்கே இன்றும் ஓட்டிக் காட்டுகிறார்கள். ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான் நாம் மாடர்ன் தியேட்டர்ஸைக் கைவிட்டோம்.

ஏற்காட்டிலும் இந்தக் கதையின் ஒரு துண்டு இருக்கிறது. பல்லாவரத்தில் 1863இல் கற்கால மனிதனின் கற்கோடரியைக் கண்டெடுத்து, இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வைத் தொடங்கிவைத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் தன் கடைசிக் காலத்தை ஏற்காட்டில் கழித்தார். ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவர் நினைவிடம் இருக்கிறது. வில்லியம் கிங்கோடு சேர்ந்து சேலம் மாவட்டத்துப் பாறைகளைப் பற்றி 1864இல் எழுதியவரும் அவர்தான். மேலே போகிறவர்கள் பகோடா பாயின்டில் படம் எடுத்த கையோடு அங்கேயும் ஒரு நடை போய் வரலாம். மே மாதமானால் சேர்வராயன் கோயில் திருவிழாவில் மலையாளிப் பழங்குடி மக்களின் கூட்டத்தைப் பார்க்கலாம். இறங்கும்போது குப்பனூர் வழியாக இறங்கினால் கூட்டம் குறைவு.

செய்ய வேண்டியவை பெரிதாக ஒன்றுமில்லை. மாடர்ன் தியேட்டர்ஸ் பெயரில் ஏற்காடு சாலையில் ஒரு சினிமா அருங்காட்சியகம். பழைய கேமராக்களும் போஸ்டர்களும் வீட்டுப் பரண்களில் அழிவதற்குள் சேகரிக்கப்பட வேண்டும். வெள்ளைக்கல் குழி ஒன்றுக்காவது வேலியும் விளக்கப் பலகையும். செவ்வாய்ப்பேட்டையிலும் அம்மாபேட்டையிலும் பட்டறைக்காரர்களுக்கு வருமானம் தரும்படியான நடைச் சுற்றுலா. திருமணிமுத்தாற்றுக்கரையில் சீர்மிகு நகரத் திட்டத்தில் சுவரும் தளமும் போட்டு அழகுபடுத்தும் வேலைகள் நடந்தன. கரை அழகாவது நல்லதுதான். அதற்கு முன் ஆற்றில் திறந்துவிடப்பட்டிருக்கும் ஒவ்வொரு சாக்கடை வாயும் அடைபட்டு, பாதாளச் சாக்கடை வழியாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திரும்ப வேண்டும். சாயப்பட்டறைகளுக்குப் பொதுச் சுத்திகரிப்பு வசதியை அரசு தன் பொறுப்பில் முடித்துக் கொடுக்க வேண்டும், சின்னப் பட்டறைக்காரர் தலையில் அந்தச் செலவு முழுவதையும் கட்டினால் அது நடக்காது. அடுத்த மாநகராட்சி பட்ஜெட்டில் பூங்காவுக்கு எவ்வளவு, குழாய்க்கு எவ்வளவு என்று சேலத்துக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது.